அழுகிற பிள்ளையைப் பார்த்து நிற்கும் பிள்ளை

குழந்தைகள் இல்லத்தில் பாதிக் காலம், ஆலோசனை மையத்தில் பாதிக் காலம் என்று முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். தம்பி தங்கைகளே, நீங்கள் இப்போதுதான் சேர்ந்திருக்கிறீர்கள். சிலர் இல்லத்துப் பராமரிப்பாளராக, சிலர் அங்கன்வாடிப் பணியாளராக, சிலர் எம்.எஸ்.டபிள்யூ. முடித்த கையோடு ஆலோசகராக வந்திருக்கிறீர்கள். உங்கள் முன்னால் வந்து உட்காரப் போகிற பலருக்கு ஊர் ஏற்கெனவே பெயர் சூட்டி அனுப்பியிருக்கும். முரடன், அடங்காப்பிடாரி, கல்நெஞ்சுக்காரி, தன்னைத் தவிர யாரையும் நினைக்காதவன் என்று. இந்தக் குணங்கள் எங்கே வேர் பிடிக்கின்றன, அடுத்தவர் வலியைக் கண்டு மனசு இறங்குவது ஒரு பிள்ளைக்குள் எப்படி வருகிறது என்பதைப் பற்றி நான் பார்த்ததையும் படித்ததையும் சொல்லிவிட்டுப் போகிறேன். பாடநூலில் இதற்கு ஒத்துணர்வு என்று பெயர். எங்கள் இல்லத்து ஆயாம்மாக்கள் "மனசு இறங்குது" என்பார்கள். எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும்.

1. ஒரு பிள்ளை அழுதால், பக்கத்தில் நிற்கிற பிள்ளையைப் பாருங்கள்.

முற்றத்தில் ஒரு குழந்தை தடுக்கி விழுகிறது. எல்லாரும் ஓடுகிறோம். யாரோ தூக்கிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் நீங்கள் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு உதடு பிதுங்கும். ஒன்று தன் கையில் இருக்கிற பாதி பிஸ்கட்டை நீட்டும். ஒன்று ஆயாம்மாவின் முந்தானையை இழுத்து விழுந்த பிள்ளையைக் காட்டும். இவர்களைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். ஒரு பிள்ளை மட்டும் மரம்போல் நிற்கும். இன்னொன்று நேரே வந்து, அழுகிற பிள்ளையை ஓங்கி அடிக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அப்படி அடித்த ஒரு பையனின் கையைப் பிடித்து, "விழுந்த பிள்ளையப் போய் அடிக்கிறியே, உனக்கு மனசே இல்லையாடா?" என்று திட்டினேன். அவனுக்கு இரண்டரை வயது. என் பிடியில் அவன் கை விறைத்துப்போனது இன்னும் நினைவிருக்கிறது.

பல வருஷம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில்தான் மேரி மெயின், கரோல் ஜார்ஜ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்களின் வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டேன். 1985இல் வெளியான ஆய்வு. பகல்நேரக் காப்பகங்களில் இருந்த ஒன்று முதல் மூன்று வயது வரையான பிள்ளைகளை அவர்கள் கவனித்தார்கள். வீட்டில் அடிபட்ட பிள்ளைகள் பத்துப் பேர். அதேபோல் கஷ்டப்படுகிற குடும்பம், ஆனால் அடிபடாத பிள்ளைகள் பத்துப் பேர். கூட இருக்கிற பிள்ளை அழும்போது அடிபடாதவர்களில் பலர் கவலையோடு பார்த்தார்கள், பக்கத்தில் போனார்கள். அடிபட்ட பத்துப் பேரில் ஒருவர்கூட அப்படிக் கவலை காட்டவில்லை. பயந்தார்கள், கோபப்பட்டார்கள், அடித்தார்கள். ஒரு பிள்ளை அழுகிற பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொடுக்க ஆரம்பித்து, தட்டல் வேகமாகி, அடியில் போய் முடிந்ததாம்.

அந்த வகுப்பிலேயே எனக்கு அந்த இரண்டரை வயதுப் பையன் ஞாபகம் வந்துவிட்டான். அவன் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால் அடுத்து என்ன நடக்கும்? அடி விழும். அழுகை என்றால் யாரோ உதவி கேட்கிறார்கள் என்று அவனுக்கு யாரும் காட்டித் தரவில்லை. ஆபத்து வருகிறது, இந்தச் சத்தத்தை உடனே நிறுத்து என்பதுதான் அவன் உடம்பு கற்றிருந்த பாடம். அவன் நிறுத்தப் பார்த்தான். நானோ அவன் கையை முறுக்கிப் பிடித்து, அவனுக்குத் தெரிந்த பாடத்தையே மறுபடியும் நடத்தினேன்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டோமசெல்லோ இருவரும் 2006இல் பதினெட்டு மாதக் குழந்தைகள் இருபத்து நான்கு பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். அறிமுகமில்லாத ஒருவர் பொருளைக் கீழே தவறவிட்டு எட்டாமல் தவிப்பார். உதவி என்று வாய்விட்டுக் கேட்கமாட்டார். இருபத்து நான்கு பேரில் இருபத்திரண்டு பேர் ஒரு தடவையாவது உதவினார்கள். ஒன்றரை வயதிலேயே உதவ வருகிற கை அது. அது வராத இடத்தில் ஏதாவது நடந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

2. பதிவேட்டில் குணத்தை எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள்.

"திமிர் பிடித்தவன்", "இரக்கமில்லாதவள்" என்று நீங்கள் எழுதுகிற ஒரு சொல் அந்தப் பிள்ளைக்கு முன்னால் அடுத்த இல்லத்துக்குப் போய்ச் சேரும். சினிமா பார்த்துவிட்டு "சைக்கோ" என்கிற சொல் இப்போது எல்லார் வாயிலும் இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளையை அப்படிச் சொன்ன ஒரு ஆசிரியரை எனக்குத் தெரியும். மருத்துவர்கள் பயன்படுத்துகிற அமெரிக்க வகைப்பாட்டு நூலான டி.எஸ்.எம். சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்ற பெயரைப் பதினெட்டு வயதுக்கு முன் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்கிறது. மருத்துவருக்கே அந்த வரம்பு என்றால் நமக்கு எவ்வளவு? "மதியம் சாப்பாட்டு வரிசையில் பக்கத்துப் பையனைத் தள்ளினான், அவன் அழுதபோது சிரித்தான்" என்று எழுதுங்கள். அதை வைத்து நாளைக்கு வேறொருவர் யோசிக்க முடியும்.

3. முகம் பார்த்துப் பேசுவதைச் சின்ன வேலையாக நினைக்காதீர்கள்.

எட்வர்ட் ட்ரோனிக் என்பவர் 1970களில் செய்த சோதனை ஒன்று உண்டு. தாய் தன் கைக்குழந்தையோடு முகம் பார்த்துக் கொஞ்சிக்கொண்டிருப்பாள். பிறகு சில நிமிஷம் மட்டும் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் குழந்தையைப் பார்க்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துக் காட்டும். கையை நீட்டும், கத்தும், அம்மாவை எப்படியாவது திருப்பிவிடப் பார்க்கும். ஒன்றும் நடக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு துவண்டுவிடும். அந்தச் சோதனையின் காணொளியை நான் ஒரு தடவைக்கு மேல் பார்க்கவில்லை. முடியவில்லை.

"நான் சிரித்தால் அவள் முகம் மலர்கிறது, நான் அழுதால் அவள் முகம் வாடுகிறது" என்று ஒரு குழந்தை ஆயிரம் தடவை பார்த்துப் பார்த்துத்தான், தன் உள்ளே இருப்பது வெளியே ஒருவருக்குத் தெரியும் என்று நம்புகிறது. அந்த நம்பிக்கை வந்த பிறகுதான் அடுத்தவருக்கும் உள்ளே ஒன்று இருக்கும் என்று அதற்குப் படும். நம் பிள்ளைத்தமிழ் நூல்களைப் புரட்டிப் பாருங்கள். செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று குழந்தை வளர வளரப் பருவம் பிரித்திருக்கிறார்கள். தலையசை, கைகொட்டு, முத்தம் தா, நடந்து வா என்று பெரியவர் குழந்தையை அழைக்கிறார், குழந்தையோடு விளையாட வா என்று நிலாவையும் கூப்பிடுகிறார். கடவுளையும் அரசரையும் பாடத்தான் அவற்றை எழுதினார்கள். ஆனாலும் ஒரு குழந்தையோடு தரையில் உட்கார்ந்து பழகியவர்களின் கண் அதில் இருக்கிறது.

ட்ரோனிக் சொன்ன இன்னொன்று உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். நன்றாகப் பழகுகிற தாயும் சேயும்கூட ஒருவருக்கொருவர் சரியாக ஒத்துப்போகிற நேரம் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். மீதி நேரம் இவள் ஒன்று நினைப்பாள், அது ஒன்று கேட்கும். தவறி, மறுபடி சரிக்கட்டி, மறுபடி தவறி, அப்படித்தான் போகும். பிள்ளைக்கு உரம் தருவது அந்தச் சரிக்கட்டல். நீங்கள் காலையில் ஒரு பிள்ளையிடம் எரிந்து விழுந்துவிட்டால், மத்தியானம் அதன் பக்கத்தில் போய் உட்காருங்கள். "காலைல அம்மா சத்தம் போட்டுட்டேன், பயந்துட்டியா?" என்று கேளுங்கள். பெரியவர் குழந்தையிடம் தப்பை ஒப்புக்கொள்வதா என்று உங்கள் மேலதிகாரி கேட்கலாம். ஆமாம் என்று சொல்லுங்கள்.

பிரசவம் முடிந்த சில மாதம், அசைவில்லாத முகத்தோடு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருக்கிற தாய்மார் உங்கள் அங்கன்வாடிக்கும் வருவார்கள். அவர்களுக்குப் பாசம் இல்லை என்று பேசுகிறவர்களை நிறுத்துங்கள். அது பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

4. தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் விழுகிற பள்ளம் இது. பிள்ளையின் குணம் சின்ன வயதில் உருவாகிறது என்று படித்தவுடன், "அப்போ அம்மா சரியில்ல" என்று முடிவுக்கு வந்துவிடுவோம். நம் தொழில் இந்தத் தப்பைப் பெரிய அளவில் செய்திருக்கிறது. பிள்ளைக்கு ஆட்டிசம் வருவது தாயின் குளிர்ந்த மனத்தால்தான் என்று ஒரு காலத்தில் பெரிய பெரிய நிபுணர்களே சொன்னார்கள். சிகாகோவில் இருந்த புருனோ பெட்டல்ஹைம் 1967இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். அது முழுத் தப்பு என்று பிறகு தெரிந்தது. அதற்குள் எத்தனை தாய்மார் தங்களைத் தாங்களே தண்டித்துக்கொண்டிருப்பார்கள் என்று யார் எண்ணினார்கள்?

டொனால்டு வினிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர், பிள்ளைக்குப் போதுமான அளவு நல்ல தாய் இருந்தால் போதும், குறையே இல்லாத தாய் வேண்டாம் என்று சொன்னார். என்னைக் கேட்டால் நம் தொழிலில் யாரும் சொன்ன மிகக் கருணையான கருத்து அதுதான்.

ஆனால் சில தாய்மார் உண்மையிலேயே பிள்ளையின் அழுகையைக் கேட்கமாட்டார்கள். காது கேட்கும், மனசுக்குள் இறங்காது. அமெரிக்காவில் செல்மா ஃப்ரைபர்க் என்ற சமூகப் பணியாளர் 1975இல் தன் குழுவினரோடு எழுதிய கட்டுரை ஒன்றில் இப்படி ஒரு தாய் வருகிறாள். மடியில் ஐந்தரை மாதக் குழந்தை வீறிடும். தாய் எங்கோ பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். குழந்தையைத் தூக்கு, கொஞ்சு என்று அவர்கள் பாடம் நடத்தவில்லை. அவளுடைய சின்ன வயதைக் கேட்டார்கள். கைவிடப்பட்டு, கை மாறி மாறி வளர்ந்தவள் அவள். அவள் அழுவதற்கு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து இடம் கொடுத்தார். தன் அழுகை ஒருவர் காதில் விழுந்த பிறகு, அந்தத் தாய் தானாகவே குழந்தையை எடுத்து அணைத்துக்கொண்டாள்.

என் வேலையில் இதை ஒரு தடவை கண்ணால் பார்த்தேன். நூற்பாலையில் இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டு வருகிற ஒரு பெண். பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு கத்துகிறது, அவள் உதறிவிடுகிறாள். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அடக்கிக்கொண்டு, "நீ சின்னப் பிள்ளையா இருக்கையில அழுதா யாரும்மா தூக்குவாங்க?" என்று கேட்டேன். அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். "யாரும் தூக்கினதா ஞாபகம் இல்ல அக்கா" என்றாள். அன்றைக்கு நான் அவளுக்கு அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், பேச விட்டேன். மூன்றாம் வாரம் வரும்போது பிள்ளை அவள் இடுப்பில் இருந்தது.

அப்புறம், அந்த வீட்டில் தாய் மட்டுமா இருக்கிறாள்? வாடகை பாக்கி, டாஸ்மாக்கிலிருந்து வருகிற புருஷன், "பிள்ளையத் தூக்கித் தூக்கிக் கெடுக்காதே" என்கிற மாமியார், பத்து வயது அக்காவின் தோளில் சுமத்தப்பட்ட தம்பி, இவை எல்லாமே அந்தப் பிள்ளையின் வளர்ப்புதான். நீங்கள் எழுதுகிற அறிக்கையில் இவையும் வர வேண்டும்.

5. விதையும் உண்டு என்பதை மறக்காதீர்கள்.

எல்லாமே வளர்ப்பு என்று பேசினால் உண்மைக்குத் துரோகம் செய்வோம். ஒரே வீட்டில், ஒரே தாயிடம் வளர்ந்த இருவரில் ஒன்று எறும்பு செத்தால் அழும், மற்றது அசையாது. சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே பயம் குறைவு. அடுத்தவர் முகத்தில் பயம் தெரிந்தாலும் அவர்களைத் தைக்காது. எஸ்ஸி வைடிங் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2005இல் பிரிட்டனின் ஏழு வயது இரட்டையர்களை வைத்து, இந்த இறுகிய தன்மையில் மரபணுவின் பங்கு பெரிது என்று காட்டினார்கள்.

அதற்காகக் கைகழுவிவிடலாமா? 2016இல் அமெரிக்காவில் தத்துப்பிள்ளைகளை வைத்து லூக் ஹைட் குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெற்ற தாயிடம் கடும் சமூக விரோதப் போக்கு இருந்திருந்தால் பிள்ளையிடம் இரண்டு வயதிலேயே அந்த இறுக்கம் கூடுதலாகத் தெரிந்தது. அவள் அந்தப் பிள்ளையை வளர்க்காவிட்டாலும் தெரிந்தது. ஆனால் வளர்த்த தாய் அந்தப் பிள்ளையிடம் நல்லதைக் கண்டு பாராட்டி, இதமாகப் பழகிய வீடுகளில் அந்தத் தொடர்பு அறுந்துபோனது. நான் இதைப் படித்த அன்று சந்தோஷத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

வேலையில் இதற்கு என்ன பொருள்? பயம் குறைந்த பிள்ளையைப் பயமுறுத்தித் திருத்த முடியாது. அடித்தால், இருட்டறையில் போட்டால், பூச்சாண்டி காட்டினால் மற்ற பிள்ளைகள் நடுங்குவார்கள், இவன் இன்னும் இறுகுவான். அவன் செய்கிற ஒரு சின்ன நல்ல காரியத்தைக் காத்திருந்து பிடியுங்கள். "தண்ணி டம்ளரை அவளுக்கு முதல்ல குடுத்தியே, பார்த்தேன்" என்று சொல்லுங்கள். பத்துத் தண்டனை செய்யாததை அது செய்யும்.

6. பாசம் வேறு, புகழ்ச்சி வேறு.

"என் பிள்ளை மாதிரி யாரும் கிடையாது, அவன் ராஜா" என்று வளர்க்கிற வீடுகளும் உங்களிடம் வரும். அடிபட்ட பிள்ளைக்கு மட்டும்தான் சிக்கல் என்று நினைத்திருந்தால் இங்கே திகைப்பீர்கள். நெதர்லாந்தில் எடி ப்ரமல்மன் குழுவினர் 565 பிள்ளைகளையும் பெற்றோர்களையும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். மற்றவர்களைவிட நீ உசத்தி என்று தூக்கி வைக்கப்பட்ட பிள்ளைகளிடம் சுயமோகம் கூடியது. உசத்தி தாழ்த்தி பேசாமல் அன்பு மட்டும் காட்டப்பட்ட பிள்ளைகளிடம் தன்மதிப்பு கூடியது. இரண்டும் ஒன்றல்ல. தன்மதிப்பு உள்ளவனுக்கு அடுத்தவன் ஜெயித்தால் சோறு இறங்கும்.

தங்கை பாத்திரம் கழுவ, அண்ணன் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிற வீட்டில் நீ உசத்தி என்கிற பாடம் தினமும் மூன்று வேளை நடக்கிறது.

7. கொந்தளிக்கிறவர்களிடம் உணர்ச்சிக்கு முதலில் பெயர் சொல்லுங்கள்.

ஒருத்தி காலையில் உங்களைத் தெய்வம் என்பாள். சாயங்காலம் நீங்கள் ஒரு ஃபோனை எடுக்கவில்லை என்றால் துரோகி என்பாள். கையைக் கீறிக்கொள்வாள். எல்லைநிலை ஆளுமைக் கோளாறு என்று மருத்துவர்கள் சொல்கிற இந்த நிலையில் இருப்பவர்களை எங்கள் காலத்தில் "நடிக்கிறாள்" என்று ஒதுக்கினோம். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

மார்ஷா லினஹன் இவர்களுக்காகவே ஒரு சிகிச்சை முறையை உருவாக்கி 1993இல் நூலாக்கினார். தானும் இளவயதில் மருத்துவமனையில் அடைக்கப்பட்டு, தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டவள்தான் என்று 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். சட்டென்று கொதிக்கிற இயல்போடு பிறந்த பிள்ளையும், அது எதைச் சொன்னாலும் "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்று தள்ளிவிடுகிற சூழலும் சேரும்போது இந்த நிலை உருவாகிறது என்பது அவர் விளக்கம். யோசித்துப் பாருங்கள், நம் வீடுகளில் எத்தனை தடவை அப்படிச் சொல்கிறோம். பிள்ளை கீழே விழுந்தால் தரையை அடித்துக் காட்டி "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்கிறோம். வலித்ததே! "வலிக்குதா, காட்டு" என்றால் என்ன குறைந்துவிடும்?

இவர்கள் திருந்தமாட்டார்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். மேரி ஸனரினி குழுவினர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 290 நோயாளிகளைப் பத்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேருக்கு, அந்த நோயின் பெயரைச் சொல்ல முடியாத அளவுக்கு அறிகுறிகள் குறைந்து, இரண்டு வருஷமாவது அப்படியே நின்றன. வேலை, குடும்பம், நட்பு என்று முழு வாழ்க்கைக்குத் திரும்பியவர்கள் அதைவிடக் குறைவு, பாதிப்பேர்தான். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

8. ரொம்ப நல்ல பிள்ளையைக் கவனியுங்கள்.

தொல்லை கொடுக்கிற பிள்ளைக்குப் பின்னால் ஓடி ஓடி, மூலையில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிற பிள்ளையை விட்டுவிடுவோம். எட்டு வயதுப் பெண் ஒருத்தியை "பெரிய மனுஷி" என்று இல்லமே கொண்டாடியது. யார் அழுதாலும் ஓடிப் போவாள். ஆயாம்மாவுக்குத் தலைவலி என்றால் அவளே தைலம் தேய்ப்பாள். நானும் மெச்சிக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள்: "எங்கப்பா வாசல்ல செருப்பக் கழட்டுற சத்தத்துலயே இன்னிக்கு எவ்வளவு குடிச்சிருக்குன்னு சொல்லிடுவேன்."

அந்தத் திறமை எப்படி வந்தது என்று அப்போதுதான் உறைத்தது. அடுத்தவர் முகத்தைப் படிக்காவிட்டால் அன்றைய இரவு அவளும் தம்பியும் தப்பிக்க முடியாது. இது பரிவா? பரிவின் வெளித் தோற்றம் முழுக்க இருக்கிறது. ஆனால் அவளுக்குத் தன் பசி தெரியாது, தன் கோபம் தெரியாது. "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டால், "உங்களுக்கு எது சரின்னு படுதோ" என்பாள். இப்படி வளர்கிறவர்கள் பின்னால் தங்களை அடிக்கிற ஆளையே பார்த்துப் பார்த்துப் பணிவிடை செய்துகொண்டு கிடப்பதை ஆலோசனை மையத்தில் கண்டிருக்கிறேன்.

அவளிடம் வேலை வாங்காதீர்கள். விளையாட விடுங்கள். அடம் பிடிக்க விடுங்கள். இரண்டு தோசையில் எது வேண்டும் என்று கேட்டு, அவள் சொல்கிற வரைக்கும் காத்திருங்கள். அந்தப் பெண் முதல் தடவை "எனக்கு இது பிடிக்கல" என்று தட்டைத் தள்ளிவிட்டபோது ஆயாம்மாவுக்கு வருத்தம். நான் அவளுக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இதற்கு நேர் எதிரான வகையும் உண்டு. அடுத்தவர் முகத்தை அச்சுப்போல் படிப்பார்கள், எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரிந்து அங்கேயே குத்துவார்கள். தெரிவது வேறு, மனசு இறங்குவது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

9. காரணம் தெரிந்தால் மன்னிப்புக் கொடுத்தாயிற்று என்று ஆகாது.

மனைவியை அடிக்கிறவன் உங்கள் முன் உட்கார்ந்து தன் அப்பா தன்னைக் கட்டிவைத்து அடித்ததைச் சொல்லி அழுவான். அந்த அழுகை உண்மையாகவே இருக்கும். அதைக் கேளுங்கள். கேட்டுவிட்டு வெளியே வந்து, "பாவம்மா, அவரும் சின்ன வயசுல கஷ்டப்பட்டிருக்காரு, அனுசரிச்சுப் போ" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னீர்களானால், அந்தப் பெண் அடுத்து வாங்கப் போகிற அடியில் உங்கள் கையும் இருக்கும். அவளுக்குப் பாதுகாப்பு முதலில். அவன் கதை, அவன் சிகிச்சையில் அவனுக்கு.

பிள்ளை மீது பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரிந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி நீங்கள் புகார் தந்தே ஆக வேண்டும். குடும்ப மானம், குற்றவாளியின் இளமைக்காலம், இல்லத்தின் பெயர், எதுவும் குறுக்கே வரக்கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098 எந்நேரமும் இருக்கிறது.

10. உங்களுக்கும் ஒருவர் வேண்டும்.

ஒரு பிள்ளையின் அழுகை மட்டும் உங்களுக்குத் தாங்க முடியாத எரிச்சலைத் தரும். வேறு எந்தப் பிள்ளைக்கும் வராத எரிச்சல். அது வரும்போது, அந்தப் பிள்ளை உங்களுக்குள் எதையோ தொட்டுவிட்டது என்று வைத்துக்கொண்டு, அதைப் பேச ஓர் ஆளைத் தேடுங்கள். மூத்தவர் ஒருவரிடம் மாதம் ஒரு தடவையாவது போய் உட்காருங்கள். இதை வெட்கமாக நினைத்து நான் பன்னிரண்டு வருஷத்தை வீணாக்கினேன்.

11. கையை மாற்றாதீர்கள்.

இதற்காகத்தான் இத்தனையும் எழுத உட்கார்ந்தேன். ருமேனியாவில் சௌசெஸ்கு ஆட்சி 1966இல் கருக்கலைப்பைத் தடை செய்தது. வளர்க்க வழியில்லாத குடும்பங்கள் பிள்ளைகளை அரசு விடுதிகளில் விட்டன. 1989 டிசம்பரில் ஆட்சி விழுந்தபோது அங்கே ஒரு லட்சத்துக்கு மேல் பிள்ளைகள் இருந்தார்கள். பலருக்குச் சோறு இருந்தது, கூரை இருந்தது. வரிசை வரிசையாகக் கட்டில்கள், ஷிஃப்டு மாறுகிற ஆட்கள். தங்களுக்கென்று ஒரு முகம் இல்லை. அழுது பலனில்லை என்று தெரிந்து அழுகையையே விட்டுவிட்ட குழந்தைகளைப் பார்த்ததாக அங்கே போனவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

2000ஆம் ஆண்டு சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா ஆகிய மூவரும் புக்கரெஸ்ட் நகர விடுதிகளிலிருந்து 136 குழந்தைகளைத் தேர்ந்து, சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப்பேர் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் ஒருவரோடு ஒட்டிக்கொள்ளக் கற்றார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்களுக்கு அது இன்னும் நன்றாகக் கைகூடியது. அதற்குப் பிறகு போனவர்களுக்கும் கதவு அடைபடவில்லை. ஆனால் ஏறவேண்டிய படி கூடிவிட்டது.

நம் இல்லங்கள் அப்படி இல்லை என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. நான் வேலை பார்த்த ஓர் இல்லத்தில் பத்து மாதக் குழந்தை ஒன்றின் ஒரு வாரத்துப் பணிப்பட்டியலை எடுத்து எண்ணிப் பார்த்தேன். குளிப்பாட்டியவர், பால் கொடுத்தவர், தூங்க வைத்தவர், ராத்திரி பார்த்தவர், விடுப்புக்கு மாற்றாக வந்தவர் என்று பதினொரு பேர். எல்லாரும் நல்லவர்கள். ஒருவரும் அடிக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை யார் தூக்கினாலும் போகும், யார் கீழே விட்டாலும் அழாது. வருகிற விருந்தினர்கள் "எவ்வளவு சமர்த்து!" என்று மெச்சிவிட்டுப் போவார்கள். கூடுதல் ஆள் எங்களுக்குக் கிடைக்கவில்லை, கூடுதல் பணமும் கிடைக்கவில்லை. இருந்த ஆட்களையே வைத்துப் பட்டியலை மாற்றினோம். ஒரு ஆயாம்மாவுக்கு மூன்று பிள்ளைகள், பகல் முழுக்க அவரே. அவர் விடுப்பில் போனால் ஒரே ஒருவர் மட்டும் மாற்று. ஆறாவது வாரம் அந்த ஆயாம்மா சாப்பிடப் போக எழுந்தபோது குழந்தை வீறிட்டு அழுதது. "ஐயோ, கெட்டுப்போச்சே, இனி இறங்காதே" என்று அவர் பதறினார். "அழட்டும்மா, இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தோம்" என்றேன்.

உங்கள் இல்லத்தில் பணிப்பட்டியல் எழுதுவது பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவரின் வேலை. நாளைக்கு அந்த நோட்டு உங்கள் கைக்கு வரும். மூன்று வயதுக்குக் கீழே இருக்கிற ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேராகவும் ஏழு நாளுக்கும் எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்று முதலில் எண்ணுங்கள். பிறகு அவற்றை அடித்துவிட்டு, இரண்டு பெயர் மட்டும் எழுதுங்கள்.